காத்தாடிச் சூத்திரமும் விமானத்தின் தாக்குகோணமும்

வேகமானியில் 65 நாட், அதாவது மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர். இரண்டு ஆளும் நிறைய பெட்ரோலும் ஏற்றி, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் தகடுகளை இறக்காமல், நேராகப் பறக்கும்போது எங்கள் விமானம் ஸ்டால் ஆவது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது, 50 நாட்டில். கையில் இன்னும் 15 நாட் மிச்சம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ரன்வேக்குள் நுழைவதற்கான கடைசித் திருப்பம் அது. பின்காற்று தள்ளிவிட்டதில் ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டேன். அப்படியே மேலே ஏறி மறுபடி சுற்றி வந்திருக்க வேண்டும். செய்யவில்லை. விமானத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன், மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை இன்னும் கொஞ்சம் இழுத்தேன். மூக்கு சீக்கிரம் திரும்பட்டும் என்று வாலில் இருக்கும் ரடரைத் திருப்பும் உள்பக்கப் பெடலையும் மிதித்தேன். சீட்டுக்கு அடியில், ஜல்லி கொட்டிய ரோட்டில் பஸ் போவது போல ஒரு நடுக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆம்பூர்க்கார நண்பர் கத்தினார்: "விடுங்க, ஸ்டிக்கை விடுங்க!"

விட்டேன். மூக்கு இறங்கியது, நடுக்கம் நின்றது, இறக்கைகளை நேராக்கி முழு இன்ஜினும் கொடுத்து மேலே ஏறினோம். அப்போது தரையிலிருந்து எங்கள் உயரம் சுமார் 400 அடி. அந்த உயரத்தில் ஒரு இறக்கை முந்திக்கொண்டு சரிந்து சுழல ஆரம்பித்திருந்தால் மீட்க இடமே கிடையாது. இறங்கிய பிறகு இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

இது நடந்தது டெக்சாஸில். நான் வேலூர் கொசப்பேட்டை. வேலைக்காக அங்கே போய், நண்பரோடு சேர்ந்து நாலு வருஷம் கராஜில் ரிவெட் அடித்து ஒரு இரண்டு சீட்டு அலுமினிய விமானத்தைக் கட்டினேன். அமெரிக்காவில் இப்படிச் சொந்தமாகக் கட்டிய விமானத்துக்குத் தனி வகை உண்டு. பாதிக்கு மேல் வேலையைக் கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும், பிறகு குறிப்பிட்ட மணிநேரம் சோதனைப் பறப்பு முடிக்க வேண்டும். தொழிற்சாலை விமானங்களில் வழக்கமாக இருக்கும் ஸ்டால் எச்சரிக்கை ஹாரன், இந்த மாதிரிக் கைக்கட்டு விமானங்கள் பலவற்றில் இருக்காது. எங்களுடையதிலும் இல்லை. எடையும் செலவும் மிச்சம் என்று விட்டுவிட்டோம்.

அன்று ராத்திரி நோட்டுப்புத்தகத்தில் கணக்குப் போட்டேன். உயரம் இழக்காமல் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் 50 நாட் ஸ்டால் வேகம் ஏறக்குறைய 54 ஆகிறது. 45 டிகிரியில் 59-ஐத் தாண்டுகிறது. 60 டிகிரியில் 71. நான் 50 டிகிரிக்குப் பக்கத்தில் சாய்த்திருப்பேன், அதாவது 62. வேகமானியின் 65-க்கும் விழுவதற்கும் நடுவே இருந்தது மூன்றே நாட். அந்த மூன்றையும் நம்ப முடியாது. வேகம் குறைந்து மூக்கு நிமிர்ந்து பறக்கும்போது வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிட்டாட் குழாய் காற்றை நேராக வாங்காது, காட்டும் எண்ணிலேயே பிழை வரும்.

பாடமாக எனக்கு இது தெரியாமல் இல்லை. இறக்கை ஸ்டால் ஆவது வேகத்தால் அல்ல, கோணத்தால் என்று தேர்வில் எழுதித்தான் பாஸ் செய்தேன். இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் சேர்த்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கும் எதிரே வரும் காற்றுக்கும் நடுவே உள்ளது தாக்குகோணம். சாதாரண இறக்கைகளில் அது 15, 16 டிகிரி வாக்கில் எல்லையைத் தாண்டும்போது, மேல்புறத்தில் ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, தூக்குவிசை சரிகிறது. எந்த வேகத்திலும் இது நடக்கும். மூக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால்கூட நடக்கும். 1896 ஆகஸ்டில் ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் கிளைடரில் ஸ்டால் ஆகி, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மறுநாள் இறந்ததும் இதனால்தான். அறிவுக்குத் தெரிந்த இந்த விஷயம் கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். எங்கள் பக்கம் பொங்கல் என்றால் மாடியெல்லாம் காத்தாடி. அக்கா பையன் ஒரு காத்தாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். காற்று நன்றாக அடிக்கிறது, நூல் விண்ணென்று இழுக்கிறது, ஆனால் காத்தாடி ஏற மறுக்கிறது. மார்பை நிமிர்த்தி நின்று, தலையை ஆட்டி, சுற்றிச் சுற்றிக் கீழே வருகிறது. நான் வாங்கிச் சூத்திரத்தை, அதாவது காத்தாடியின் மேலும் கீழும் கட்டி ஒன்றாக முடிச்சிட்ட நூல்களைப் பார்த்தேன். மேல் நூல் நீளமாகிப் போயிருந்தது. முடிச்சை அவிழ்த்து மேல் நூலை அரை விரற்கடை குறைத்துக் கட்டிக் கொடுத்தேன். அதே காத்தாடி, அதே காற்று, அதே கை. பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு மேலே போய்விட்டது.

மேல் நூல் குறைந்தால் காத்தாடியின் தலை காற்றுக்குள் சாயும், கோணம் குறையும். நீண்டால் நிமிர்ந்து நிற்கும், இழுவைதான் மிஞ்சும். சின்ன வயதில் நூறு தடவை செய்த காரியம். நூலில் வரும் இழுப்பை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த என் அக்கா பையனும், வேகமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நானும் செய்தது ஒரே தப்பு என்று அந்த மாடியில் நிற்கும்போது பட்டது. இழுப்பு இருக்கிறதே, அப்புறம் ஏன் விழுகிறது என்று அவன் கேட்டான். வேகம் இருக்கிறதே என்று நான் நினைத்த மாதிரி. (காத்தாடி விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதா பருத்தி நூல் போதும். மாஞ்சா நூலில் பைக்கில் போகிறவர்களின் கழுத்து அறுபடுகிறது.)

கோணத்தை நேரடியாகக் காட்டும் கருவிகள் பல வகை. இறக்கைக்கு அடியில் இரண்டு துளை வைத்த குழாய் ஒன்றைப் பொருத்தி, முன்துளைக்கும் சாய்ந்த துளைக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்திலிருந்து, வேகத்தின் பங்கைக் கழித்து, கோணத்தைக் கணக்கிடுவது ஒரு வகை. இன்றைய கண்ணாடித்திரைக் கருவிகளோடு பெரும்பாலும் இதுதான் வருகிறது. துளைகள் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் ஒரு முள்ளில் காட்டும் எளிய வகையும் உண்டு, அதில் வேகமும் கோணமும் கலந்திருக்கும். மூன்றாவது, காற்றாடி வால் மாதிரி காற்றோடு திரும்பும் சின்னத் தகடு, வேன் என்பார்கள். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து எங்கள் ஊர்ப்பக்கம் பி-8ஐ விமானங்கள் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது போயிங் 737 குடும்பம். அதன் மூக்கின் பக்கவாட்டில் இருப்பதும் இதே வேன்தான். 2014 பிப்ரவரியில் அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ, சின்ன விமானங்களில் இந்தக் கருவியைப் பொருத்துவதற்கான விதிகளை எளிதாக்கியது. கைக்கட்டு விமானத்துக்கு முன்பிருந்தே தடை இல்லை.

அனுபவம் இல்லாதவர்கள் தயாராக விற்கும் குழாயை வாங்கிப் பொருத்துவதே நல்லது. எனக்கு வேன் செய்து பார்க்கும் ஆசை வந்ததற்குக் காரணம், அக்கா வீட்டுக்காரருக்குக் காட்பாடியில் லேத் பட்டறை இருந்தது.

மாமாவிடம் படம் வரைந்து காட்டினேன். "இன்னா மச்சான் இது, கோழி றெக்க மாதிரி இருக்குது" என்றார். ஆனால் அன்று மதியமே அலுமினியத் தகட்டை வெட்டி, பித்தளைத் தண்டு கடைந்து, இரண்டு குட்டி பேரிங் போட்டு முடித்துவிட்டார். திரும்பும் கோணத்தை அளக்கக் காந்தச் சென்சார் ஒன்றைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்திருந்தேன். தொடாமல் அளக்கும் வகை, உராய்வு கிடையாது. உராய்வு இருந்தால் வேன் பழைய இடத்திலேயே சிக்கிக்கொண்டு பொய் சொல்லும்.

சோதிக்கக் காற்றுச் சுரங்கத்துக்கு எங்கே போவது? ஜீப்பின் முன் பம்பரில் ஆங்கிள் இரும்பை வெல்ட் வைத்து, வண்டி கலக்காத காற்று கிடைக்கும் அளவுக்கு முன்னால் நீட்டி, அதன் நுனியில் வேனைப் பொருத்தினோம். காட்பாடியைத் தாண்டி, மனை பிரித்து ரோடு போட்டு வீடு வராத இடம் ஒன்று உண்டு. விடிகாலை ஐந்து மணிக்குக் காற்றே அசையாது. ரசமட்டமும் கொத்தனார் தூக்குக் குண்டும் வைத்து வேன் பிடிப்பைத் தெரிந்த கோணங்களுக்குச் சாய்த்து, 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, சென்சார் என்ன சொல்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தேன். 5 டிகிரி சாய்த்தால் 5 சொன்னது. 10-க்கு 10.

மூன்றாவது ஓட்டத்தில் அந்த ரோட்டில் இருந்த ஒரே வேகத்தடையை மாமா கவனிக்காமல் ஏறிவிட்டார். ஜீப் துள்ளியது, லேப்டாப் என் மடியிலிருந்து நழுவியது. திரையில் கோடு ஆறு டிகிரிக்கு ஒரு பள்ளம் விழுந்து ஏறியிருந்தது. காற்று மாறவில்லை, பிடிப்பும் மாறவில்லை. வண்டி மேலே தூக்கியபோது வேனின் வால் தன் எடையால் கீழே தொங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 60 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானத்தில் எல்லாப் பொருளும் இரண்டு மடங்கு கனக்கும். எந்தத் திருப்பத்துக்காக இந்தக் கருவியைச் செய்கிறேனோ, அதே திருப்பத்தில் வால் தொங்கி, கோணத்தைக் குறைத்துக் காட்டியிருக்கும். ஆபத்தில் இருக்கும்போது பத்திரமாக இருக்கிறாய் என்று சொல்லியிருக்கும்.

மாமா வண்டியை விட்டு இறங்கி வேனை விரலால் தட்டிப் பார்த்தார். "தராசுல எடக்கல்லு வெக்கிற மாதிரி முன்னால கனம் கொடுத்தா சரியாப் பூடும்" என்றார். முன்பக்கம் ஒரு கம்பி நீட்டி அதில் ஈயக் குண்டு. படுக்கையாகப் பிடித்தால் எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும் வரை அரம் போட்டு அரம் போட்டு எடை குறைத்தார். மறுநாள் அதே வேகத்தடையில் வேண்டுமென்றே ஏறினோம். கோடு ஒரு டிகிரிகூட அசையவில்லை. நீங்கள் வேன் செய்தாலும் வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த எடைச் சமநிலைதான்.

இரண்டு துளைக் குழாய் ஒன்றும் செய்து பார்த்தோம். ஒரு வாரம் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்தது. எடுத்து ஊதினால் காற்றே போகவில்லை. குளவி ஒரு துளைக்குள் மண் கொண்டுவந்து கச்சிதமாகப் பூசியிருந்தது. குழாய் வகை வைத்திருப்பவர்கள் உறை போடாமல் விமானத்தை ஒரு நாளும் விடாதீர்கள். உள்ளே போகும் ரப்பர் குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள். வேகமானிக்குப் போகும் குழாயை வெட்டி அதிலிருந்து கிளை எடுக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஒரு கசிவு இரண்டு கருவியையும் கெடுக்கும்.

டெக்சாஸ் திரும்பியதும் வேனை இறக்கைக்கு அடியில் இருக்கும் இன்ஸ்பெக்‌ஷன் மூடித் தகட்டில் பொருத்தினேன். ப்ரொப்பெல்லர் காற்று படாத தூரம், இறக்கையில் புதிதாகத் துளை போட வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் பழைய மூடியைப் போட்டுவிடலாம். இறக்கை தன்னைச் சுற்றியுள்ள காற்றை வளைக்கும், அதனால் வேன் காட்டும் எண் உண்மையான கோணமாக இருக்காது. பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் அதே எண்ணில் ஸ்டால் ஆனால் போதும்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கத் தனியாகப் போகவில்லை. பயிற்சி ஆசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தரையிலிருந்து 5,000 அடிக்கு ஏறி, கீழே யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு, நொடிக்கு ஒரு நாட் வீதம் வேகம் குறைத்து, நடுக்கம் வரும் இடத்தையும் மூக்கு விழும் இடத்தையும் குறித்தோம். மூன்று தடவை, மூன்றிலும் வேன் 17. அப்புறம் நேராகப் பறந்து வெவ்வேறு வேகத்தில் வேன் எண்ணைக் குறித்தேன். இங்கே ஒரு சுலபமான கணக்கு உதவும். அதே எடையில், ஸ்டால் வேகத்தைப் பறக்கும் வேகத்தால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால், இறக்கை தன் முழுத் திறனில் எவ்வளவு செலவழிக்கிறது என்று தெரியும். 100 நாட்டில் கால் பங்கு. ஸ்டால் வேகத்தைப் போல 1.3 மடங்கு, அதாவது 65 நாட்டில், ஏறக்குறைய 59 சதவீதம். இறங்குவதற்கு நல்ல இடம் அது. சின்ன ஸ்பீக்கரில் 60 சதவீதத்தில் மெதுவாக டொக் டொக் என்றும், 80-இல் வேகமாகவும், 90 தாண்டினால் விடாமலும் கத்தும்படி வைத்தேன்.

இத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தேன். ஆசிரியர்தான் முழு ஃபிளாப்பையும் இறக்கி ஒரு தடவை பார்க்கலாம் என்றார். இறக்கினேன், வேகம் குறைத்தேன். டொக் டொக் மெதுவாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. வேன் 12. அப்படி இருக்கும்போதே விமானம் நடுங்கி மூக்கைக் கவிழ்த்தது.

ஃபிளாப் இறங்கினால் இறக்கையின் வடிவமே மாறுகிறது. தூக்குவிசை கூடும், ஆனால் உடல் இன்னும் தாழ்ந்த கோணத்தில் இருக்கும்போதே ஸ்டால் வந்துவிடும். ஃபிளாப் இல்லாமல் அளந்த 17-ஐ மட்டும் நம்பி, ஃபிளாப்போடு இறங்கியிருந்தால், கருவி கடைசி வரை நிதானமாக டொக் டொக் என்றே சொல்லியிருக்கும். கருவி வாங்கிப் பொருத்தியவர்களில் ஃபிளாப் நிலையில் தனியாக அளக்காதவர்களைப் பிறகு நிறையச் சந்தித்தேன். ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. எல்லா நிலைக்கும் 12-ஐயே எல்லையாக வைத்துவிடலாம்தான், ஆனால் ஃபிளாப் இல்லாதபோது தேவையில்லாமல் கத்திக் கத்திக் காது பழகிவிடும், பழகிய சத்தத்தை யாரும் கேட்கமாட்டார்கள். ஃபிளாப் கைப்பிடியில் சின்ன சுவிட்ச் ஒன்று வைத்து இரண்டு அட்டவணையாகப் பிரித்தேன்.

சத்தம் ஏன் என்றால், அந்தக் கடைசித் திருப்பத்தில் கண் ரன்வேயில் இருக்கும். கருவிப் பலகையில் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் எரிந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். காதுக்கு வேறு வேலை இல்லை. இப்போது திருப்பத்தில் சத்தம் வேகமெடுத்தால் கை தானாகவே ஸ்டிக்கைத் தளர்த்துகிறது. நேர்கோட்டைத் தாண்டிவிட்டால் மறுபேச்சு இல்லாமல் மேலே ஏறி மறுபடி சுற்றுகிறேன். தனியாகப் போகும்போதும் உதவி உண்டு. எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஸ்டால் வேகம் 50-லிருந்து 45-க்கு இறங்கும். ஆனாலும் பழக்கத்தில் அதே 65-இல் வந்து, குட்டி ரன்வேயில் பாதி தூரம் மிதந்துகொண்டே போவேன். கோணத்துக்கு எடை வித்தியாசம் கிடையாது, டொக் டொக் ஆரம்பிக்கும் இடத்தில் பிடித்தால் சரியாக இறங்குகிறது.

இதை ஊரில் சொன்னபோது, 737 மேக்ஸ் விழுந்ததே இந்த வேனால்தானே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த அந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். அங்கே ஒரே வேனின் தப்பான எண்ணை நம்பி, கணினி தானாக மூக்கைக் கீழே தள்ளியது. என்னுடையது எதையும் தள்ளாது, சொல்ல மட்டும் செய்யும். சொல்வதோடு எல்லாம் முடிந்துவிடாது என்பதற்கும் ஒரு விபத்து இருக்கிறது. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக் மேல் சுமார் 38,000 அடியிலிருந்து ஸ்டால் நிலையிலேயே கடல் வரை விழுந்தது, 228 பேர். எச்சரிக்கைக் குரல் அந்த அறையில் பல தடவை ஒலித்தது. தாக்குகோணத்தைக் காட்டும் முள் விமானிகள் முன்னால் இல்லை, ஸ்டிக் பெரும்பாலும் பின்னால் இழுபட்டே இருந்தது. அதனால் மாதம் ஒரு தடவை உயரத்துக்குப் போய், சத்தம் விடாமல் கத்தும் வரை இழுத்து, ஸ்டிக்கை முன்னால் விடுவதைக் கைக்குப் பழக்குகிறேன்.

போன வருஷம் ஊருக்கு வந்தபோது அக்கா பையன் கல்லூரியில் ஒரு மாடல் விமானம் கட்டிக்கொண்டிருந்தான். மாமா அவனுக்கும் ஒரு வேன் கடைந்து கொடுத்திருக்கிறார், என்னுடையதில் பாதி அளவு, முன்னால் ஈயக் குண்டு சகிதம். அக்கா புடவை ஃபாலுக்கு வாங்கிய சிவப்புத் துணியில் மிச்சத்தை எடுத்து, என் வேனுக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தாள், ஒரு முழம் ரிப்பன் தொங்கவிட்டு. இன்ஜின் போடுவதற்கு முன் அந்த உறையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்கிறேன். அப்புறம் மாஸ்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு, இறங்கிப் போய் வேனின் வாலை ஒரு விரலால் மெல்ல மேலே தூக்குகிறேன். டொக் டொக் கேட்டு, வேகமாகி, விடாமல் கத்தும் வரை. ஃபிளாப்பை இறக்கிவிட்டு இன்னொரு தடவை.